வயல் கேட்டு வரும் மாணவர்கள்: தலையாட்டும் முன் கேட்க வேண்டியவை

இயற்கை வழியில் விவசாயம் பண்ணுறவங்க தோட்டத்தைத் தேடி மாணவர்கள் வருவது இப்போது கூடிக்கிட்டே இருக்கு. வேளாண் கல்லூரி நான்காம் ஆண்டுப் பிள்ளைங்க ஊரக வேளாண் பணி அனுபவத்துக்காக ஊரில் வந்து தங்குவாங்க, கோயில் திடலில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவாங்க, போயிடுவாங்க. அது பயிற்சி, அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. முதுநிலைப் படிப்புக்கும் முனைவர் பட்டத்துக்கும் ஆய்வு செய்யிறவங்க, சமூகப்பணி, சூழலியல், சித்த மருத்துவம் படிக்கிறவங்க, "உங்க வயல்ல ஒரு சோதனை போட்டுக்கலாமாங்க ஐயா", "ஐம்பது விவசாயிகளைப் பேட்டி எடுக்கணும், ஆள் காட்டுறீங்களாம்மா" என்று கேட்டு வருகிறார்களே, அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நாம் பெரும்பாலும் ரெண்டில் ஒண்ணு செய்கிறோம். படிக்கிற பிள்ளையாச்சேன்னு எல்லாத்துக்கும் தலையாட்டுகிறோம். இல்லேன்னா, முன்னாடி வந்தவங்க எழுதிக்கிட்டுப் போனதோட சரி, திரும்பிக்கூடப் பார்க்கலைங்கிற கோபத்தில் வாசலிலேயே அனுப்பிவிடுகிறோம். ரெண்டுமே நமக்கு நட்டம். பஞ்சகவ்யாவுக்கும் தேமோர் கரைசலுக்கும் "ஆதாரம் எங்கே" என்று கேட்கிற அதிகாரிக்கு, ஒழுங்காகப் போட்ட ஒரு சோதனையின் கணக்குதான் பதில். அந்த ஒழுங்கு எப்படி வருதுன்னு நமக்கும் தெரிஞ்சிருக்கணும். நம்ம வீட்டுப் பிள்ளைங்களே இப்போ அந்தக் கல்லூரிகளில் படிக்குதுங்க. அவங்க திட்டம் போடும்போதும் இது உதவும்.

முதலில் கேள்வி என்ன?

"இயற்கை வேளாண்மை பற்றிய ஓர் ஆய்வு" என்று சொன்னால் அது தலைப்புதான், கேள்வி ஆகாது. "சீரகச் சம்பாவில் 3 சதவீத பஞ்சகவ்யாவை மூணு தடவை தெளித்தால், வெறும் தண்ணீர் தெளித்ததைவிடத் தூரும் விளைச்சலும் கூடுதா?" என்று கேட்டால் அது கேள்வி. ஆமாம் என்றும் வரலாம், இல்லை என்றும் வரலாம். இல்லை என்று வந்தால் என்ன செய்வீங்கன்னு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். "அப்படி வராதுங்க" என்று பதில் வந்தால், அவர் ஆய்வு பண்ண வரவில்லை, நம்மைப் புகழ வந்திருக்கிறார். இயற்கை விவசாயிக்கு ரசாயன விவசாயியைவிட அதிகம் கெடுதல் பண்ணுவது இந்தப் புகழ்ச்சி ஆய்வுகள்தான் என்பது என் எண்ணம். அடுத்தவன் ஒரே கேள்வியில் உடைத்துவிடுவான்.

கேள்விதான் முறையை முடிவு பண்ணும். விளைச்சல் பற்றிய கேள்வி என்றால் வயலில் பாத்தி போட்டு அளக்கணும். "பெண்கள் ஏன் விதை எடுத்து வைப்பதை விட்டார்கள்" என்பது கேள்வி என்றால் பாத்தி எதுக்கு? பத்துப் பாட்டிமாரோடு உட்கார்ந்து நிதானமாகப் பேசணும். அதற்குப் போய் நாற்பது கேள்வியும் கட்டமும் போட்ட படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், படிவம் நிரம்பும், பதில் கிடைக்காது.

பாத்திச் சோதனை

ஒரு பாத்தியில் தெளிச்சோம், பக்கத்துப் பாத்தியில் தெளிக்கலை, தெளிச்சது நல்லா வந்துச்சு. நாம் இப்படித்தான் பேசுகிறோம். ஆனால் அந்தப் பாத்தி மடை ஓரமாக இருந்திருக்கலாம். போன வருஷம் ஆட்டுக்கிடை போட்ட இடமாக இருந்திருக்கலாம். பனை நிழல் விழாத பக்கமாக இருந்திருக்கலாம். பலன் கரைசலால் வந்ததா, இடத்தால் வந்ததா என்று ஒரே ஒரு பாத்தியை வைத்துப் பிரிக்கவே முடியாது.

இதற்கு வழி கண்டவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்தில் 1919இல் சேர்ந்து, வயல் சோதனைக் கணக்குகளோடு மல்லுக்கட்டியவர். 1935இல் சோதனை வடிவமைப்பு பற்றி அவர் எழுதிய புத்தகத்தைத்தான் உலகம் முழுக்கப் பல துறைகளில் இன்னும் பின்பற்றுகிறார்கள். (அதே ரோத்தம்ஸ்டட்டில் 1843இல் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தொடங்கியவர் உரத் தொழிற்சாலை முதலாளி. இருந்தாலும் தொழுவுரம் மட்டும் போடுகிற பாத்தி ஒன்று அன்றிலிருந்து இன்றுவரை அங்கே இருக்கு!) ஃபிஷர் சொன்னதை நம்ம பாஷையில் சொன்னால் மூணு விஷயம்: ஒப்பிட ஒரு பாத்தி வேணும், ஒவ்வொன்றையும் பல தடவை திருப்பிப் போடணும், எது எங்கே என்பதைக் குடவோலை மாதிரி சீட்டுக் குலுக்கி முடிவு பண்ணணும். மாணவரும் தேர்ந்தெடுக்கக் கூடாது, நாமும் கூடாது. நம்ம கை தானாகவே நல்ல பாத்தியை நல்ல கரைசலுக்குக் கொடுத்துவிடும்.

ஒரு கணக்கு போடலாம். வெறும் தண்ணீர், பஞ்சகவ்யா, மீன் அமிலம், தேமோர் கரைசல், பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் மாறி மாறி என்று ஐந்து வகை. ஒவ்வொன்றும் நான்கு தடவை. ஆக 20 பாத்தி. பாத்தி 5 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் 400 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 10 சென்ட். வரப்பு, வாய்க்கால் சேர்த்தால் 14, 15 சென்ட் ஆகிவிடும். "கொஞ்சம் இடம் போதுங்க" என்று சொல்லும் மாணவரிடம் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான்கு தடவையை நான்கு தொகுதியாகப் பிரித்து, மடை ஓரம் ஒரு தொகுதி, அடுத்து ஒன்று, கடைமடையில் ஒன்று என்று வைத்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் ஐந்து வகையும் வரும்படி சீட்டுக் குலுக்கணும். அப்போது மடை ஓர வளம் எல்லா வகைக்கும் சமமாகப் போய்ச் சேரும்.

ஒப்பீட்டுப் பாத்திக்கும் அதே அளவு வெறும் தண்ணீர் தெளிக்கணும் என்பதைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். 10 லிட்டர் டேங்கில் 300 மில்லி பஞ்சகவ்யா, மீதி தண்ணீர்தானே. காய்ச்சல் நேரத்தில் அந்தத் தண்ணீரே இலைக்கு உதவலாம். அதேபோல, பாசனத்தில் ஜீவாமிர்தம் விடுகிற சோதனை என்றால் ஒரு பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகக் கூடாது. வாய்க்காலைத் தனித்தனியாக எடுக்கலைன்னா எல்லாப் பாத்தியும் ஜீவாமிர்தம் குடிச்ச பாத்திதான்.

எடையில்தான் பெரிய கோட்டை விடுவார்கள். ஓரத்துச் செடிக்கு வெயிலும் காற்றும் அதிகம், அதனால் ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே அறுக்கணும். நாலு பக்கமும் அரை மீட்டர் விட்டால், 5க்கு 4 பாத்தியில் மிச்சம் 4க்கு 3, அதாவது 12 சதுர மீட்டர். ஏக்கருக்கு 4,047 சதுர மீட்டர். ஆக, கிடைத்த எடையை 337ஆல் பெருக்கித்தான் ஏக்கர் விளைச்சல் சொல்லுவார்கள். பாத்தியில் 100 கிராம் தப்பினால் ஏக்கருக்கு 34 கிலோ தப்பும். மூட்டை நிறுக்கிற கொக்கித் தராசை வைத்துக்கொண்டு இந்த வேலை ஆகாது. ஈரப்பதமும் பார்த்து, எல்லாவற்றையும் 14 சதவீதத்துக்குக் கொண்டுவந்து கணக்கிடணும். எந்தத் தராசு, எந்த ஈரப்பதமானி, யார் கொண்டுவருவது என்பதெல்லாம் நடவுக்கு முன்னாடியே பேச வேண்டியது.

"ஒரு பக்கம் யூரியா போட்டுக்கலாமா?"

இதுதான் நமக்கு ஆபத்தான இடம். இயற்கையையும் ரசாயனத்தையும் ஒப்பிடணும், அதனால் உங்க வயலிலேயே நாலு பாத்திக்கு ரசாயன உரம் போடணும் என்று கேட்பார்கள். மாணவருக்கு அது ஒரு "சிகிச்சை வகை". சான்று வாங்கின விவசாயிக்கு அது சான்றே பறிபோகிற வேலை. தேசிய இயற்கை வேளாண் உற்பத்தித் திட்டத்தின் விதிப்படி, ஓராண்டுப் பயிருக்கு விதைப்புக்கு முன்னால் குறைந்தது இரண்டு ஆண்டும், பல்லாண்டுப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன்னால் மூன்று ஆண்டும் மாற்றக் காலம். அந்தக் காலத்தை மறுபடி முதலில் இருந்து எண்ண வைக்கிற காரியத்துக்கு யாரும் "சரிங்க தம்பி" சொல்லக் கூடாது. குழுச் சான்று என்றால் நம்ம ஒருத்தரோடு போகாது, குழுவுக்கே கேள்வி வரும். ரசாயனத்தோடு ஒப்பீடு வேணும்னா கல்லூரிப் பண்ணையில் போடட்டும். நம்ம வயலில் இயற்கை இடுபொருள்களுக்குள் ஒப்பீடு மட்டும்தான்.

கல்லூரிப் பண்ணையில் போடும்போதும் ஒரு கேள்வி இருக்கு. இருபது வருஷம் யூரியா தின்ற மண்ணில், ஒரே ஒரு போகம் தொழுவுரம் போட்டு, விளைச்சல் குறைஞ்சுதுன்னு எழுதினால் அது எதைச் சோதித்தது? மண் மாறுவதற்கு முன்னால் எடுத்த அளவு அது. முதுநிலைப் படிப்பே ரெண்டு வருஷம், அதில் வயலுக்குக் கிடைப்பது ஒன்று ரெண்டு போகம். அது மாணவர் குற்றமில்லை. ஆனால் "மாற்றக் காலத்தின் முதல் போகம்" என்று ஆய்வேட்டில் தெளிவாக எழுதணும் என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

பேட்டி ஆய்வு

யாரைக் கேட்கிறாங்க என்பதுதான் முதல் விஷயம். வேளாண் அலுவலர் காட்டின பத்துப் பேர், இயக்கத்துக்காரர் காட்டின பத்துப் பேர் என்று எடுத்தால் ஊரோட நிலைமை வராது. இயற்கைக்கு வந்துட்டு ரெண்டே வருஷத்தில் விட்டுட்டுப் போனவங்களையும் தேடிப் பிடிச்சுக் கேட்கணும். அவங்க சொல்றதில்தான் நமக்குப் பாடம் அதிகம். களையெடுக்கிற பெண்கள், குத்தகைக்காரர்கள், இவர்கள் பெரும்பாலும் பட்டியலிலேயே இருக்க மாட்டார்கள். பட்டாவை வைத்துப் பெயர் எடுத்தால் அப்படித்தான் ஆகும்.

கேள்வியின் வார்த்தையைப் பாருங்கள். "பஞ்சகவ்யா தெளிச்சதில் என்ன நல்ல பலன் கிடைச்சுது?" என்றால் பலன் கிடைச்சதுன்னு முடிவு பண்ணிட்டுக் கேட்கிற கேள்வி. "தெளிச்சதுக்கு அப்புறம் பயிரில் என்ன பார்த்தீங்க?" என்றால் சரி. அளவும் அப்படித்தான். ஒருத்தர் மாவில் சொல்லுவார், ஒருத்தர் குழியில், ஒருத்தர் ஏக்கரில். மூட்டை என்றால் ஒருத்தருக்கு 60 கிலோ, இன்னொருத்தருக்கு 75, கொள்முதல் நிலையச் சாக்கு என்றால் 40. எந்த மூட்டைன்னு கேட்காமல் எழுதின விளைச்சல் கணக்கு குப்பைதான். ஊர்க்காரரான நாமே படிவத்தை முன்கூட்டி வாங்கி, நாலு பேரிடம் கேட்டுப் பார்த்துச் சொல்லலாம். நல்ல மாணவர் அதற்கு நன்றிதான் சொல்லுவார்.

அனுமதி எதற்கு, யாரிடம்?

ஆய்வு நெறிமுறை என்றால் ஏதோ கல்லூரிக்குள் நடக்கிற காகித வேலை என்று நினைக்க வேண்டாம். அது வந்த கதையில் இருப்பதும் விவசாயிகள்தான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்ற இடத்தில், 1932 முதல் 1972 வரை அரசு சுகாதாரத் துறையே ஓர் ஆய்வு நடத்தியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள், பலர் வாரத்துக்கு உழுத ஏழைகள். அதில் 399 பேருக்கு மேகநோய். "கெட்ட ரத்தத்துக்கு வைத்தியம் பார்க்கிறோம்" என்று சொல்லி, சாப்பாடும் ஈமச்செலவுக்குப் பணமும் தருவதாகச் சொல்லி வரவழைத்தார்கள். உண்மையில் வைத்தியமே பார்க்கவில்லை. நோய் முற்றினால் உடம்பு என்ன ஆகும் என்று பார்த்துக்கொண்டு இருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. செய்தித்தாளில் வந்த பிறகுதான் நின்றது. 1974இல் அங்கே சட்டம் வந்தது, 1979இல் பெல்மான்ட் அறிக்கை வந்தது.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள் இருக்கு. மனிதர்களின் நலவாழ்வு சார்ந்த மருத்துவ, சமூக ஆய்வுகளுக்கு அதன்படி நெறிமுறைக் குழு அனுமதி வேணும். குழுவில் 7 முதல் 15 பேர். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வரணும். சட்டம் தெரிஞ்சவர், சமூக அறிவியலாளர், அதோடு சாதாரணப் பொதுமக்களில் ஒருவரும் இருக்கணும். அந்தப் பொது ஆள் ஒரு விவசாயியாக இருப்பதற்குத் தடை எதுவும் இல்லை. நம்ம பக்கத்துக் கல்லூரிகளிடம் இதை நாம் கேட்டு வாங்கலாமே!

விண்ணப்பம் மூணு வழியில் போகும்: பரிசீலனையில் இருந்து விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக்குழுப் பரிசீலனை. ஏற்கெனவே வெளியான புள்ளிவிவரம் மட்டும் என்றால் விலக்கு கிடைக்கும். பூச்சிக்கொல்லி தெளிக்கிற கூலிக்காரர்களிடம் ரத்தம் எடுப்பது, கடனால் தற்கொலை நடந்த வீட்டில் போய்ப் பேசுவது மாதிரி என்றால் பெரும்பாலும் முழுக்குழு உட்கார்ந்து பேச வேண்டியது. எந்த வழி என்று குழுதான் முடிவு பண்ணும், மாணவரோ வழிகாட்டிப் பேராசிரியரோ இல்லை. அனுமதிக்கு முன்னாடி ஒரு பேட்டிகூட எடுக்கக் கூடாது. எடுத்துட்டு அப்புறம் அனுமதி வாங்குவது என்ற பேச்சே கிடையாது.

இதில் நேரம் பெரிய சிக்கல். குழு தினமும் கூடாது, திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பும், மறுபடி போகும். ஆடிப்பட்டமோ குழுவுக்காகக் காத்திருக்காது. அதனால் ஆடியில் விதைப்பு என்றால் மாசி, பங்குனியிலேயே திட்டத்தை எழுதி அனுப்பிவிடணும். ஆனி மாசம் வந்து "அடுத்த வாரம் ஆரம்பிக்கலாமா" என்று கேட்கிறவரிடம், அனுமதிக் கடிதம் இருக்கான்னு கேளுங்கள்.

வெறும் பயிர்ச் சோதனைக்கு மனிதர்களுக்கான நெறிமுறைக் குழுவிடம் போகிற வழக்கம் இல்லை. மாட்டுக்கோ ஆட்டுக்கோ மருந்து கொடுத்துச் சோதிப்பது வேறு. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கல்லூரிகளில் தனி விலங்கு நெறிமுறைக் குழு இருக்கு, அதனிடம் போகணும். "நாட்டு மருந்துதானே" என்பது பதில் ஆகாது.

ஒப்புதல் தாளைத் தமிழில் கேளுங்கள். இங்கிலீஷ் தாளில் கையெழுத்து வேண்டாம். ரெண்டு பிரதி, ஒண்ணு நம்ம கையில். என்ன ஆய்வு, யார் பணம், எவ்வளவு நேரம், பெயர் வெளியே வருமா, நடுவில் விலகிக்கலாமா, சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது, இது எல்லாம் அதில் இருக்கணும். படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி முன்னிலையில் படித்துக் காட்டணும். போட்டோவுக்குத் தனியாகச் சம்மதம். கடன் பற்றிக் கேட்டால், அந்தத் தாளில் பெயருக்குப் பதில் எண் போடச் சொல்லுங்கள்.

நம்ம பக்கமும் ஒண்ணு இருக்கு. நம்ம வயலில் வேலை செய்கிற பெண்ணிடம் கேள்வி கேட்க நாம் சம்மதம் கொடுக்க முடியாது. அது அவங்க சம்மதம். நாம் பக்கத்தில் நின்றுகொண்டு "சொல்லும்மா" என்றால் கூலி பற்றி அவங்க என்ன சொல்லிவிட முடியும்? பேட்டி நடக்கும்போது தள்ளிப் போய்விடுங்கள். பேட்டிக்குப் போன நேரத்துக்குக் கூலி பிடிப்பதும் முறையில்லை.

விதையும் அறிவும்

பயிர், விதை, மூலிகை பற்றிய ஆய்வில் நாம் கொடுப்பது பதில் மட்டுமில்லை, சரக்கும்தான். மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம்ம அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் எதிர்த்துப் போராடி 1997இல் ரத்தானது. ரத்தாகக் காரணம், மஞ்சளைப் பற்றி ஏற்கெனவே அச்சில் இருந்த ஆதாரங்கள். பாட்டி வாய்மொழி அங்கே எடுபடாது. அதனால் மாணவர் நம்ம அறிவை எழுதி வெளியிடுவது காப்பாகவும் ஆகலாம். யாரிடம் இருந்து வந்தது என்று எழுதாமல் விட்டால் களவாகவும் ஆகலாம்.

அகத்தியமலையில் காணிக்காரர்கள் கதை தெரிஞ்சிருக்கும். 1987இல் காட்டுக்குள் கூட வந்த காணிக்காரர்கள் தின்ற காயைப் பார்த்து, களைப்பு தெரியாமல் அவங்க நடப்பதைப் பார்த்து, விஞ்ஞானிகள் அந்தச் செடியைக் கேட்டு வாங்கி ஜீவனி என்ற மருந்து செய்தார்கள். உரிமத் தொகையிலும் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடாகி, 1997இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் வந்தது. உலகமே பாராட்டியது. ஆனால் எல்லாக் காணிகளையும் கேட்டா முடிவு பண்ணினாங்க என்ற குறை அப்போதே எழுந்தது. ஒருத்தர் சொன்ன ரகசியம் ஊர் முழுக்கச் சொந்தம் என்றால், சம்மதம் யாரிடம் வாங்குவது? இதற்கு எளிய பதில் எனக்குத் தெரிந்து இல்லை. ஊர்க் கூட்டத்தில் பேசிவிட்டுக் கொடுப்பதுதான் இருப்பதில் நல்ல வழி.

சட்டத்தில் நமக்குப் பிடிமானம் இருக்கு. பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதணும். தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கு. வெளிநாட்டு ஆளோ நிறுவனமோ நம்ம விதையை ஆய்வுக்கு எடுக்கணும்னா அந்த ஆணையத்தின் அனுமதி வேணும். அதனால் மாணவரிடம், ஆய்வில் வெளிநாட்டுக் கூட்டு இருக்கா, விதை எங்கே போகுதுன்னு கேளுங்கள். பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் 2001இல் உழவர் ரகத்தை உழவரே கட்டணமில்லாமல் பதிவு பண்ணிக்கலாம். பாரம்பரிய ரகத்தைக் கேட்டால், எத்தனை கிராம், எதற்கு, மிச்சம் என்ன ஆகும், வேறு யாருக்கும் கொடுப்பாங்களா என்று தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

நட்டக் கணக்கும் முன்னாடியே பேசுவது நல்லது. ஒப்பீட்டுப் பாத்தியில் விளைச்சல் குறைந்தால் யார் பொறுப்பு? மாதிரிக்குப் பிடுங்கும் செடி, கூடுதல் களை ஆள், வரப்பு கட்டின கூலி, இதெல்லாம் ஆய்வுச் செலவு, அன்பளிப்பு இல்லை. மாணவர் கையில் காசு இருக்காது என்பது உண்மைதான். வேலையை நாம் தரலாம், ஆனால் எவ்வளவு தந்தோம் என்பது ஆய்வேட்டில் பதிவாகணும். இல்லேன்னா இயற்கை விவசாயத்துக்குச் செலவே இல்லைன்னு கணக்கு வரும்.

கடைசியாக, முடிவை நமக்குச் சொல்வது. வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகள் பல கிருஷிகோஷ் என்ற இணையக் களஞ்சியத்தில் கிடைக்குது, ஆனால் ஆங்கிலத்தில். எனவே ரெண்டு பக்கம் தமிழில் எழுதித் தரணும், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஊரில் வந்து பாத்திவாரியான எண்களைப் படித்துக் காட்டணும் என்று ஒப்புதல் தாளிலேயே ஒரு வரி சேருங்கள். சம்பா சோதனை என்றால் மாசி மாதம் வசதி, அறுவடை முடிந்து ஆட்கள் ஊரில் இருப்பார்கள். நம்ம எண்ணிக்கையும் அவங்க எண்ணிக்கையும் ஒத்துப் போகுதான்னு பார்க்க, அறுவடை அன்று எடை போட்ட நோட்டை நம்ம வீட்டிலும் ஒரு பிரதி வைத்திருங்கள்.